கிறிஸ்மஸுக்குக் கொடுப்பதில் கொடுக்கிறவருக்கு என்ன கிடைக்கிறது?

வாசகர் கேள்வி, 5 டிசம்பர் 2023

டிசம்பர் வந்தாலே எங்கள் ஆபீசில் உண்டியல் சுற்ற ஆரம்பித்துவிடும். முதியோர் இல்லம், பிள்ளைகள் இல்லம், கேக், போர்வை என்று போய்க் கொடுத்துவிட்டு வந்து "மனசு நிறைஞ்சிருச்சு" என்கிறார்கள். மனசு நிறைவதற்காகத்தான் கொடுக்கிறோம் என்றால், அது நாம் காசு கொடுத்து நமக்கே வாங்கிக்கொள்கிற ஒரு பொருள்தானே? அதற்கு ஏன் தர்மம் என்று பெயர்? வருஷக்கணக்காகக் கொடுத்துப் பழகியவர்கள் உண்மையைச் சொல்லுங்கள்.

5 டிசம்பர், இரவு

பதினோரு வருஷமாகக் கொடுக்கிறேன். அதனால் கேள்வியை என்னிடம் கேட்டதாகவே எடுத்துக்கொள்கிறேன். கிடைக்கிறது. ஒன்றுமே கிடைக்கவில்லை என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

எங்களுக்குத் தூத்துக்குடி. எங்கள் கோயிலில் (இந்தப் பக்கம் சர்ச்சைக் கோயில் என்றுதான் சொல்வோம்) பெண்கள் ஐக்கிய சங்கத்தில் 23 பேர் இருக்கிறோம். பிடி அரிசி போடுவது பாட்டி காலத்து வழக்கம். உலைக்கு அரிசி அளந்ததும் அதிலிருந்தே ஒரு பிடி எடுத்துத் தனி டப்பாவில் போட்டுவிட வேண்டும். கடையில் தனியாக வாங்கி வந்து டப்பாவை நிரப்பினால் அம்மா ஏற்றுக்கொள்ள மாட்டாள். அளந்ததில் எடுத்தால்தான் அந்த வேளைக்கு வீட்டில் ஒரு பிடி சோறு குறையும், குறைந்தால்தான் அது காணிக்கை என்பாள். என் கைக்கு ஒரு பிடி ஐம்பது கிராம். காலை ஒன்று, ராத்திரி ஒன்று. மாதம் மூன்று கிலோ.

அதைச் சேர்த்து கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் முத்தையாபுரம் பக்கம் உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள் இருக்கும் ஒரு தெருவில் கொடுக்கிறோம். 40 வீடு. வீட்டுக்குப் பத்துக் கிலோ அரிசி, ஒரு கிலோ துவரம்பருப்பு, ஒரு லிட்டர் கடலை எண்ணெய், ஒரு சேலை. ஏன் அந்தத் தெரு என்றால், வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் அளத்தில் வேலை நின்றுவிடும். அக்டோபரில் நின்றால் தை பிறந்து பாத்தியைச் சரிசெய்கிறவரை கூலி கிடையாது. அந்தப் பள்ளத்துக்குள்ளேதான் கிறிஸ்மஸ் வருகிறது. மழைக்கால நிவாரணமாக அரசாங்கம் 5,000 ரூபாய் தர ஆரம்பித்ததே இப்போதுதான்.

எனக்குக் கிடைப்பது என்னவென்றால், முதலில் அந்த முகங்கள். கேட்கிறவர்களைப் பார்ப்பது கஷ்டம், அவர்கள் முகம் மலர்வதைக் காணும்வரைதான் அந்தக் கஷ்டம் என்று வள்ளுவர் சொன்னது அப்படியே உண்மை. அடுத்தது 24-ஆம் தேதி ராத்திரித் தூக்கம். வருஷம் முழுக்க எனக்கு மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும். அன்றைக்கு மட்டும் நள்ளிரவு ஆராதனை முடிந்து வந்து படுத்தால் விடிந்தபிறகுதான் கண் திறக்கும்.

6 டிசம்பர்

கணக்குப் போட்டுப் பார்த்து ஒருவர் கேட்டிருக்கிறார். 23 பேர் மாதம் மூன்று கிலோ என்றால் வருஷத்துக்கு 828 கிலோ, நாற்பது வீட்டுக்கு 400 போக மிச்சம் எங்கே என்று. நியாயமான கேள்வி. எல்லா வீட்டிலும் எல்லா நாளும் பிடி விழுவதில்லை. போன வருஷம் மொத்தம் வந்தது 510 கிலோதான். 400 போக மிச்சத்தை மாதத்தின் முதல் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வாசலில் ஏலம் விட்டோம். அந்தப் பணம் ஒரு பெண்ணின் நர்சிங் படிப்புக்குப் போகிறது.

7 டிசம்பர்

கொடுப்பது சந்தோஷம் தருமா என்று ஆராய்ச்சி உண்டா என்று கேட்டவருக்கு. உண்டு. கனடாவில் எலிசபெத் டன்னும் அவரோடு சேர்ந்த இருவரும் செய்து 2008-இல் சயின்ஸ் இதழில் வந்தது. 46 பேரிடம் காலையில் கவரில் பணம் கொடுத்தார்கள். சிலருக்கு ஐந்து டாலர், சிலருக்கு இருபது. பாதிப் பேர் அன்று மாலை ஐந்து மணிக்குள் தங்களுக்காகச் செலவழிக்க வேண்டும், மீதிப் பேர் மற்றவர்களுக்காக. அடுத்தவருக்குச் செலவழித்தவர்கள்தான் அதிக சந்தோஷமாக இருந்தார்கள். இதில் எனக்குப் பிடித்தது, ஐந்தா இருபதா என்பதால் வித்தியாசம் வரவில்லை என்பது. ஒரு பிடி அரிசி போடுகிறவளுக்கு இது போதும்.

ஆனால் இன்னொருவர் எழுதியிருப்பது என்னை வேலை செய்யவிடவில்லை. இந்தப் பிறவியில் செய்தது மறுபிறவிக்கு ஆகும் என்று கொடுக்கிற "அறவிலை வணிகன்" (அறத்தை விலைபேசுகிற வியாபாரி) அல்லன் ஆய் என்று புறநானூறு வள்ளல் ஆய் அண்டிரனைப் பாடுகிறது, நீங்கள் மறுபிறவிக்குப் பதிலாக ராத்திரித் தூக்கத்தைக் கேட்கிறீர்கள், நீங்களும் வியாபாரிதானே என்கிறார்.

யோசித்தேன். தூக்கம் வரும் என்று நான் கொடுக்கவில்லை, கொடுத்ததால் வந்தது. இரண்டும் ஒன்றில்லை என்றுதான் இப்போதைக்குத் தோன்றுகிறது. மறுபடி எழுதுகிறேன்.

9 டிசம்பர்

எழுதாமல் விட்டது ஒன்று இருக்கிறது. முகம் மலர்ந்தது என்று பெரிதாக எழுதிவிட்டதால் இதையும் சொல்ல வேண்டும்.

2019-இல் ஓர் அமைப்பு எங்களோடு சேர்ந்து கொடுக்க வந்தது. நாற்பது போர்வை. நல்ல கனமான போர்வை, குறை சொல்ல முடியாது. தெருமுனையில் பிளெக்ஸ் கட்டினார்கள். ஒவ்வொருவராகப் பெயர் கூப்பிட, வந்தவர் போர்வையின் ஒரு முனையைப் பிடிக்க, கொடுக்கிறவர் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஒருத்தி பத்து வயது மகளோடு வந்தாள். பிள்ளை தலையைக் குனிந்துகொண்டாள். போட்டோ எடுத்தவர் "பாப்பா, இங்க பாரு" என்றார். பிள்ளை நிமிரவில்லை. தாய் போர்வையை விடாமல் இடது கையால் பிள்ளையின் மோவாயைப் பிடித்து நிமிர்த்தினாள். கிளிக். அடுத்த பெயர்.

மூன்றடி தூரத்தில் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றது நான். பெயர் கூப்பிட்டதும் நான்தான். அன்றைக்கும் ராத்திரி நன்றாகத் தூங்கினேன். அந்தப் பிள்ளையின் மோவாய் கண்ணுக்கு முன்னால் வந்தது ஒரு வாரம் கழித்துத்தான். அடுத்த வருஷத்திலிருந்து போட்டோ கிடையாது என்று சங்கத்தில் தீர்மானம் போட்டோம்.

ஆக, தூக்கம் வந்தது என்பதை வைத்துச் சரியாகக் கொடுத்தேன் என்று சொல்ல முடியாது. 5-ஆம் தேதி எழுதியதில் இதைத் திருத்திக்கொள்ளுங்கள்.

10 டிசம்பர், ஞாயிறு

பழைய துணி கொடுக்கலாமா என்று மூன்று பேர் கேட்டாயிற்று. துவைத்து, பொத்தான் தைத்து, இஸ்திரி போட்டு, உங்கள் தங்கச்சிக்குக் கொடுப்பீர்களா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள். 2004 சுனாமி வந்தது கிறிஸ்மஸுக்கு மறுநாள். ஊர் ஊராக வந்து இறங்கிய பழைய துணி நாகப்பட்டினம் பக்கம் ரோட்டோரம் மலைமலையாகக் கிடந்தது. மீன்பிடித்துச் சம்பாதித்துப் புதுத்துணி உடுத்தியவர்கள் அதைத் தொடவில்லை. எடுத்துக்கொள்ளாததற்கு அவர்களைத் திட்டியவர்களும் இருந்தார்கள். எனக்கு அந்தத் திட்டுத்தான் இன்னும் மனதில் இருக்கிறது.

வருமான வரிக்கு ரசீது கேட்டவருக்கு: நன்கொடைக்கு வரிக்கழிவு தரும் பதிவு (80ஜி) உள்ள அமைப்பா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு கிடையாது. புதிய வரிமுறையில் இருந்தால் அந்தக் கழிவே கிடையாது. எங்கள் பிடி அரிசிக்கு ரசீது இல்லை.

12 டிசம்பர்

"நீங்க என்ன வேலை பார்க்கிறீங்க" என்று ஒருவர் கேட்டார், சாதாரணமாகத்தான் கேட்டிருப்பார். உப்பு வியாபாரம் செய்யும் ஓர் இடத்தில் கணக்கு எழுதுகிறேன். கூலிப் பேரேடு என் மேஜையில்தான். அந்த நாற்பது வீட்டில் பாதி வீட்டுக்காரர்களின் பெயர் அதில் இருக்கிறது. அக்டோபரில் அவர்கள் பெயருக்கு நேரே கோடு போடுகிறவள் நான். டிசம்பரில் அரிசி கொண்டுபோகிறவளும் நான். அந்தத் தெருவில் என்னைக் "கணக்கம்மா" என்பார்கள்.

இதைச் சொன்னதும், கூலியை உயர்த்தச் சொல்வதை விட்டுவிட்டு அரிசி கொடுப்பதா என்று காட்டமாக வந்திருக்கிறது. கேட்க வேண்டிய கேள்விதான். உப்பு வாருகிறவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? வெயில் மேலிருந்து ஒரு பங்கு, வெள்ளை உப்பிலிருந்து எதிரொளித்து இன்னொரு பங்கு. நாற்பது வயதில் கண் மங்குகிறது, காலில் வெடிப்பு ஆறுவதே இல்லை. நான் முதலாளி இல்லை. ஆனால் போன வருஷம் முன்பணம் பற்றி ஒருமுறை வாய் திறந்து கேட்டேன். மழை மாதங்களுக்குக் கூலியில் பாதியாவது முன்பணமாகக் கொடுத்து, தையில் பிடித்துக்கொள்ளலாமே என்று. "பார்க்கலாம்" என்றார்கள். மறுபடி கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். பத்துக் கிலோ அரிசி தூக்குவது அந்த ஒரு வாக்கியத்தை இரண்டாவது தடவை சொல்வதைவிட எனக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

16 டிசம்பர்

மூட்டை கட்டி முடித்தாயிற்று. கோயில் ஹாலில் 400 கிலோவும் சேலையும் அடுக்கியிருக்கிறோம். நேற்று கீத பவனி (வீடு வீடாகக் கிறிஸ்மஸ் பாட்டுப் பாடி வருவது) எங்கள் தெருவுக்கு வந்தது. கிறிஸ்மஸ் தாத்தாவைப் பார்த்துப் பக்கத்து வீட்டுச் சின்னவன் அலறி ஓடி, கொஞ்ச நேரம் கழித்துக் கதவு இடுக்கு வழியாகக் கையை மட்டும் நீட்டி மிட்டாயை வாங்கிக்கொண்டான். எல்லாரும் சிரித்துச் சிரித்துப் பாட்டே நின்றுபோனது.

24-ஆம் தேதி போய்வந்து எழுதுகிறேன்.

23 டிசம்பர்

நேற்றுச் சாயங்காலம்தான் கரண்ட் வந்தது. நலம் கேட்டு எழுதியவர்களுக்கு நன்றி, நானும் அம்மாவும் பிழைத்துக் கிடக்கிறோம்.

ஞாயிறு காலை பிடித்த மழை திங்கள் விடிந்தும் விடவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது என்பதெல்லாம் பிறகு தெரிந்ததுதான். ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு சிக்கிக்கொண்டவர்களை நீங்கள் டிவியில் பார்த்திருப்பீர்கள், எங்களுக்கு டிவி ஏது, போனும் இல்லை. வீட்டுக்குள் தண்ணீர் அலமாரியின் இரண்டாவது தட்டு வரை வந்தது. பக்கத்து மாடி வீட்டில் பதினான்கு பேர் இருந்தோம். செவ்வாய் மத்தியானம் தெருவுக்குள் வள்ளம் வந்தது. கடலில் பார்த்த வள்ளம் எங்கள் தெருவில் கரண்ட் கம்பத்தைச் சுற்றித் திரும்பியது. அதிலிருந்தவர் பால் பாக்கெட்டை மாடிக்கு எறிந்தார், நான் பிடித்தேன்.

புதன்கிழமை தண்ணீர் இடுப்பளவுக்கு இறங்கியபோது ரொட்டி கொண்டுவந்த பையன்கள் நல்ல பையன்கள். நெஞ்சு வரை நனைந்து வந்திருந்தார்கள். நான் கை நீட்டி வாங்கும்போது ஒருவன் போனைத் தூக்கி, "அக்கா, இங்க பாருங்க" என்றான். பசி. அம்மா அன்று காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. பார்த்தேன். சிரிக்கவும் செய்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

9-ஆம் தேதி எழுதியதை நேற்று ராத்திரி எடுத்துப் படித்தேன். வேறு ஒன்றும் இதைப் பற்றி இப்போது எழுத வரவில்லை.

கோயில் ஹாலில் வைத்த அரிசி முழுக்கப் போயிற்று. மூட்டை ஊதி வாய் பிரிந்து, கிட்டே போக முடியாத புளித்த வாடை. 23 வீட்டுப் பிடி.

24 டிசம்பர், ஞாயிறு

இன்று அந்தத் தெருவுக்குப் போகவில்லை. போவதற்குக் கையில் ஒன்றும் இல்லை. அவர்கள் வந்தார்கள்.

காலை ஏழு மணி. நான் வீட்டுக்குள் முழங்கால் வரை சேற்றில் நின்று தட்டால் அள்ளிக்கொண்டிருந்தேன். கருப்புச் சேறு, சாக்கடையும் மணலும் சேர்ந்தது, அள்ள அள்ள மறுபடி மட்டமாகிவிடும். வாசலில் ஆறு பெண்கள். முன்னால் கோடி வீட்டு அக்கா, எங்கள் பட்டியலில் 40-ஆவது வீடு. தோளில் உப்பு வாருகிற பலகை. நீளக் கம்பின் முனையில் குறுக்கே அடித்த அகலப் பலகை, பாத்தியில் உப்பை இழுத்துச் சேர்ப்பதற்கு வைத்திருப்பது. அதில் மூன்று கொண்டுவந்திருந்தார்கள்.

அவர்கள் தெரு கொஞ்சம் மேடு, தண்ணீர் வந்து வடிந்துவிட்டதாம். "கோயில் பக்கம் ரொம்ப மோசம்னாங்க, அதான் வந்தோம்" என்றார். நான் "ஐயோ, நீங்க ஏன், வேண்டாங்கக்கா" என்று என்னென்னவோ சொன்னேன். அவர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே வந்து, "ஏ தாயி, நீ தள்ளி நில்லு. தட்டால அள்ளுனா எப்ப முடியும்" என்றார்.

பதினோரு வருஷத்தில் என்னை "நீ" என்று அவர் சொன்னது இன்றுதான்.

பின்சுவரிலிருந்து ஆரம்பித்தார்கள். மூன்று பேர் வரிசையாக நின்று, பலகையைச் சேற்றுக்குள் சாய்த்து இறக்கி, ஒரே இழுப்பில் வாசல் வரை கொண்டுவந்து தள்ளினார்கள். பலகை போன வழியில் எங்கள் வீட்டுச் சிவப்புத் தரை ஒரு பட்டையாகத் தெரிந்தது. அடுத்த இழுப்பில் இன்னொரு பட்டை. மற்ற மூன்று பேர் பின்னால் தண்ணீர் ஊற்றித் தென்னை விளக்குமாற்றால் தேய்த்து வந்தார்கள். பத்து மணிக்கு வீடு வீடாக இருந்தது.

பணம் கொடுக்கப் போனேன். அக்கா முகம் மாறியதைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டேன். காபியாவது என்றேன். அடுப்பு நனைந்து கிடந்தது. "அடுத்த தடவை" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் பலகையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

இன்று ராத்திரி ஆராதனை மெழுகுவர்த்தியில்தான். தூக்கம் வருமா என்று தெரியவில்லை.

26 டிசம்பர்

வரவில்லை. காரணமும் சொல்கிறேன்.

2012-இல் முதல் வருஷம் போனபோது கோடி வீட்டு அக்கா கருப்பட்டிக் காபி போட்டு வைத்திருந்தார். டம்ளரை நீட்டினார். கடைசி வீடு அது, எனக்கு அடுத்து போக வேறு வீடு கிடையாது. ஆனாலும் "நேரமில்லக்கா, இன்னொரு நாள்" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினேன். அடுத்த வருஷமும் போட்டு வைத்திருந்தார். அதற்கப்புறம் அவர் கேட்கவில்லை. ஏழைப்பட்டவர்கள் வீட்டில் வாங்கிக் குடித்து அவர்களுக்குச் செலவு வைக்கக் கூடாது என்று அன்றைக்கு என் மனதில் ஒரு பெரிய நியாயம் இருந்தது.

பணத்தை நீட்டியபோது மாறிய அந்த முகத்தை நான் முன்பே பார்த்திருக்கிறேன். டம்ளரோடு வாசலில் நின்றபோது அவருக்கு அந்த முகம்தான். வாங்குகிறதைவிடக் கொடுக்கிறதே பாக்கியம் என்ற பைபிள் வசனத்தை வருஷா வருஷம் சொல்லிவந்தேன். பாக்கியம் என்றால் அதை நாங்கள் 23 பேர் மட்டும் வைத்துக்கொண்டோமே, அந்தத் தெருவுக்கு ஒரு டம்ளர் அளவுகூட விடவில்லையே என்று இப்போதுதான் உறைக்கிறது.

அறவிலை வணிகன் என்றவருக்கு: வியாபாரம் என்று நீங்கள் சொன்னது என்னைச் சுட்டது, ஆனால் என் குற்றம் அது இல்லை என்று நினைக்கிறேன். வியாபாரியாவது எதிராளி தருவதை வாங்கிக்கொள்வான்.

2 ஜனவரி 2024

நிவாரணம் 6,000 ரூபாய். டோக்கனை வைத்துக்கொண்டு ரேஷன் கடை வரிசையில் மூன்று மணி நேரம் நின்றேன். மாதச் சம்பளக்காரி நிற்கலாமா என்று ஒரு கூச்சம் இருந்தது. அரிசி, மிக்ஸி, கட்டில், அம்மாவின் மருந்து எல்லாம் போன பிறகு கூச்சத்தோடு நிற்கத்தான் வேண்டியிருந்தது.

இரண்டு நாள் கழித்து அக்காவைப் பார்க்கப் போனேன். திண்ணையில் பக்கத்து வீட்டுப் பெரியவர் உட்கார்ந்திருந்தார். கண் தெரியாது. அளத்தில் ஐம்பது வருஷம் வேலை பார்த்தவராம். சொந்தமாக ரேஷன் கார்டு இல்லாததால் எங்கள் பட்டியலில் அவர் பெயர் இல்லை, அட்டையைப் பார்த்துத்தானே நாங்கள் எழுதினோம். பேச்சுவாக்கில் அக்கா சொன்னது: வருஷா வருஷம் நாங்கள் கொடுக்கும் பத்துக் கிலோவில் இரண்டு கிலோவை அன்று ராத்திரியே அளந்து அவர் வீட்டில் வைத்துவிடுவாராம்.

"நாளைக்குக் கொடுக்கலாமேன்னு வச்சா மனசு மாறிரும் தாயி. அன்னைக்கே கொடுத்துட்டாத்தான் எனக்குத் தூக்கம் வரும்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. காபி வந்தது. கருப்பட்டி கொஞ்சம் தூக்கல், சுக்கும் தட்டிப் போட்டிருந்தார். முழுக்கக் குடித்தேன். இன்னொரு டம்ளரும் கேட்டு வாங்கினேன்.

14 ஜனவரி

கேள்வி கேட்டவர் மறுபடி வந்து, "அப்போ கொடுப்பதை நிறுத்திவிடலாமா" என்று கேட்டிருக்கிறார். ஐயோ, நிறுத்தாதீர்கள். உங்கள் ஆபீஸ் உண்டியலில் போடுங்கள், கூடவே ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த முதியோர் இல்லத்துக்குக் கேக் இல்லாமல் சும்மா போய் உட்காருங்கள். அவர்கள் ஏதாவது நீட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள்.

11 பிப்ரவரி

அளத்தில் இன்னும் வேலை சரியாக ஆரம்பிக்கவில்லை. மழையில் உப்பு அம்பாரங்கள் கரைந்து, பாத்தி வரப்பெல்லாம் உடைந்து கிடக்கிறது. முன்பணம் பற்றி முதலாளியிடம் இரண்டாவது தடவை கேட்டேன். இந்த முறை நின்றுகொண்டு கேட்கவில்லை, பேரேட்டை எடுத்துப்போய் அவர் மேஜையில் திறந்து வைத்து, அக்டோபரில் கோடு விழுகிற பெயர்களைக் காட்டிக் கேட்டேன். வெள்ள மாதத்துக்கு மட்டும் ஆளுக்கு 2,000 தரச் சம்மதித்தார். மழை மாதங்களுக்கு இன்னும் "பார்க்கலாம்"தான். ஆகஸ்டில் மறுபடி கேட்பேன்.

சங்கத்தில் புது டப்பா ஆளுக்கு ஒன்று வாங்கினோம். பட்டியலில் பெரியவர் 41-ஆவது வீடு. கோடி வீட்டு அக்கா தானும் பிடி அரிசி போடுவதாகச் சொல்லி ஒரு டப்பா கேட்டார். கொடுத்திருக்கிறேன். அவருக்கு என்னைவிடப் பெரிய கை.